ஆரணியில் டார்ச் அடித்துக் கண் பார்த்த கதை

கண் வைத்தியத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வருகிறவருக்கு நம் முகம் சரியாகத் தெரியாது, அதனால் அவர் திட்டும்போது வேறு யாரையோ திட்டுகிறார் என்று நாம் நம்பிக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை, கண் மருத்துவ உதவியாளர். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்துப் பார்த்து, புரையா, கண் பிரஷரா, கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடுமா என்று பிரித்து வைப்பது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். என் பதவியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே ஊர் கூடி என்னை 'சிஸ்டர்' ஆக்கியது. வீடு வீடாகப் போலியோ சொட்டு கொடுக்கப் போய்க் கதவடைப்பு வாங்கிய சத்துணவு அம்மாக்களே, குடும்பக் கணக்கெடுக்கப் போய் நாய்க்கடி வாங்கிய வாத்தியார்களே, நாமெல்லாம் ஒரே சாதி. சும்மா கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

கண்ணாடி கேட்டேன்

பார்வை சோதிக்கிற எழுத்து அட்டையை இருபது அடி தள்ளி மாட்ட வேண்டும். எனக்குக் கொடுத்த அறை, உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த இடம். அதில் இருபது அடி தள்ளிப் போக வேண்டுமென்றால் சுவரை உடைத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குள் போக வேண்டும். சரியென்று அட்டையை வராந்தாவில் மாட்டினேன். ஊசி போட வந்தவர்களின் வரிசை குறுக்கே நின்றது. நின்றவர்கள் சும்மாவும் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஓர் எழுத்தில் திணறினால், பாவம் பார்த்து வெளியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஆரணியில் எல்லோருக்கும் பார்வை பிரமாதமாக இருந்தது.

சின்ன அறைக்கு ஒரு வழி இருக்கிறது. எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டி, அட்டையை நோயாளியின் தலைக்கு மேல் மாட்டினால், கண்ணாடிக்குள் தெரிகிற அட்டை இரண்டு பங்கு தூரத்தில் நிற்கும். 'கண் பரிசோதனைக்குப் பெரிய கண்ணாடி ஒன்று தேவை' என்று மேல் ஆபீசுக்கு எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. ஊழியர்கள் தங்கள் மூக்குக்கண்ணாடியைச் சொந்தச் செலவில்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நேரிலேயே போனேன். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி இல்லை, சுவரில் மாட்டுகிற கண்ணாடி என்று அங்கிருந்த கிளார்க்கிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் என் பூவையும் பொட்டையும் புடவைக் கொசுவத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகம் பாக்கறதெல்லாம் வூட்லயே பாத்துகினு வந்துடக் கூடாதாம்மா?"

முகாமுக்கு வந்த கண்கள்

எங்களுக்கு ஜீப் இருந்தது. ஏழுமலை என்று ஒரு நல்ல டிரைவரும் இருந்தார். டீசல் மட்டும் இருக்காது. டீசல் வந்துவிட்டால் ஜீப் இருக்காது. யாராவது பெரிய மனிதர் வருகைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். அதனால் தேவிகாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கண் முகாம் என்றபோது, ஒயர் கூடையில் கருவிகளை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓட்ட வண்டி இல்லாததால் ஏழுமலையும் எழுத்து அட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

முகாம் நடக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர், முகாமுக்காகப் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார். லீவு என்றதும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். அட்டையைக் கேட்டின் கம்பியிலேயே கட்டிவிட்டு, வெயிலில் நின்று கண் பார்த்தோம். கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லோருமே கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார்கள். ஒருவர் அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார். உங்களுக்குக் கண்ணில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இந்த ஊரில் பார்வை போனவர்களே கிடையாதா என்றேன். ஏன் இல்லை என்று விரல் விட்டு எண்ணினார். அதில் அவருடைய சொந்த அண்ணனும் இருந்தார். அவர்களெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, இவ்வளவு படித்த பொம்பளைக்கு இது கூடத் தெரியவில்லையே என்கிற வருத்தத்தோடு சொன்னார்: "கண்ணு தெரியாதவன் எப்பிடி சிஸ்டர் அவ்ளோ தூரம் தனியா வருவான்? அதான் கண்ணு தெரிஞ்ச நாங்க வந்துட்டோம்."

வேலூர் வேன்

அதற்கப்புறம் முகாம் போட்டுக் காத்திருப்பதை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தோம். பிடித்தவர்களை வேலூருக்கு அழைத்துப் போய்ப் புரை எடுக்க ஒரு வேன் வரும். ஆபரேஷன் இலவசம், மருந்து இலவசம், சோறும் இலவசம். இத்தனை இலவசம் என்றதும் ஊர் உஷாராகிவிட்டது. கண்ணைப் பிடுங்கிப் பணக்காரனுக்கு வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. அதை நம்பாதவர்கள் நாள் பார்த்தார்கள். ஆடி ஆகாது, மார்கழிப் பனி ஆகாது, சித்திரை வெயிலில் புண் ஆறாது, செவ்வாய்க்கிழமை எந்த மாசத்திலும் ஆகாது. டாக்டர் குறித்த தேதி எங்களுக்கு. தினசரி காலண்டர் குறித்த தேதி அவர்களுக்கு. இரண்டும் ஒத்துப்போகிற நாளில் வேன் ரிப்பேராகியிருக்கும்.

ஒரு முறை எல்லாம் கூடி வந்து, ஆட்களும் வந்து ஏறினார்கள். கிளம்புவதற்குள் ஒருவர் மருமகளுக்கு இடுப்பு வலி என்று இறங்கினார். பூனை குறுக்கே போனதாக ஓர் அம்மா இறங்கினார். அவருக்குப் பூனை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கிய இன்னும் மூன்று பேர் அப்படியே எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். வேலூர் போய்ச் சேர்ந்தபோது கடைசி சீட்டில் ஒரே ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினோம். பெண் வீட்டார் எங்கே, மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டார். ஆரணியில் எங்கள் வேனுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வேன் நின்றிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்த மனிதர், எது எந்த வேன் என்று தெரியாமல் இதில் ஏறியிருக்கிறார்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். மகன் பதறிக்கொண்டு வந்தான். டாக்டர் பேசினதும் கொஞ்சம் அமைதியானான். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும், வந்ததே வந்தீர்கள், செய்துகொள்ளுங்கள் என்று நான் பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்க மொய் எழுத வேணாம் இல்ல? அப்ப சரி, பண்ணுங்க."

சிவப்பு போகிற சொட்டு

அஞ்சலை, கூலிக்கு அறுப்பு அறுக்கிறவள். நெல் தாள் கண்ணில் குத்திவிட்டது. முதலில் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளின் தாய்ப்பால் பீய்ச்சினார்கள். அடுத்து விளக்கெண்ணெய். அப்புறம் எங்களிடம்தான் வந்தாள். அன்றைக்கு நான் முகாமுக்குப் போயிருந்தேன், மருந்து கொடுக்கும் இடத்தில் கண் சொட்டு தீர்ந்திருந்தது. காது சொட்டு வேண்டிய மட்டும் இருந்தது. காதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. வெளியே ஒரு மருந்துக் கடையில் சொட்டு கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு போய், வலி குறைந்து, மறுபடி அறுப்புக்குப் போய்விட்டாள். மறுபடி வலி என்று என்னிடம் வந்தபோது, கருவிழியின் நடுவில் அரிசி மாதிரி வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கே அவள் தம்பியோடு வேலூருக்கு அனுப்பினேன். கண் இருக்கிறது, பார்வை இல்லை.

கடைக்காரர் கொடுத்தது ஸ்டீராய்டு சொட்டு. புண் இருக்கிற கண்ணில் அதை விட்டால் வெளியே சிவப்பு அடங்கும், உள்ளே புண் குஷாலாக வளரும். கோபத்தோடு கடைக்குப் போனேன். அவர் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, சோடா வாங்கி வரச் சொன்னார். நான் அஞ்சலையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அதே மாதிரி சொட்டை வேறு யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். முகத்தில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. ஆனாலும் வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதே. "உங்க மருந்துல செவப்பு போவ ஒரு வாரம் ஆவுது சிஸ்டர், என்துல ஜல்தியா போயிடுது. ஜனங்க செவப்பைத்தான பாக்கறாங்க, உள்ள இன்னா ஆவுதுன்னா பாக்கறாங்க?"

கொத்தனார் செய்த தப்பு

லோகநாதன் என்று ஒரு பட்டு முதலாளி. முள்ளிப்பட்டில் நிறைய வீடுகளுக்குப் பாவும் ஊடையுமாகப் பட்டு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறவர். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டுமென்று வந்தார். கண் பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு, ஆயுசுக்கும் சொட்டு விட வேண்டும் என்றார். நான் உட்கார வைத்து விளக்கினேன்: இது வலிக்காது, சிவக்காது, நேர்ப் பார்வையை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், போனது திரும்பாது. அவர் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரின் தேதியைப் படித்துக் காட்டி, இவ்வளவு நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு மருந்தா என்று சிரித்தார். ஏதோ சில மாசம் சொட்டு விட்டிருப்பார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

சில வருஷம் போனது. டம்ளரைத் தட்டிவிடுவதும் பக்கத்தில் வந்த சைக்கிளை இடிப்பதுமாக இருந்தார். தன் வீட்டு வாசக்காலில் அடிக்கடி தோளை இடித்துக்கொண்டார். இடித்தவர் என்ன செய்வார்? வீட்டைக் கட்டின கொத்தனார் அளவு தெரியாதவன் என்று சொல்லி, வாசலை உடைத்து அகலமாக்கி, தேக்கில் புது வாசக்கால் வைத்தார். அதிலும் இடித்துக்கொண்ட பிறகுதான் அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது போல் சுருங்கிவிட்டிருந்தது. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் மறுபடி சொட்டு எழுதினார். இப்போதாவது புரிகிறதா என்று கேட்டேன். நெற்றியில் வீங்கியிருந்த இடத்தைத் தடவியபடி சொன்னார்: "கொத்தனாரு சரியில்லன்னு ஆசாரிகிட்ட போனேன். ஆசாரியும் சரியில்ல சிஸ்டர்."

சந்தனக் கலர்

முள்ளிப்பட்டு மாணிக்கம் கைத்தறி நெசவாளி. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற ஆபரேஷன் எங்கள் பக்கம் வந்த புதிது. அவருக்கு ஒரு கண்ணில் செய்தது அருமையாக அமைந்துவிட்டது. அடுத்த வாரமே சண்டைக்கு வந்தார். அவருக்கு வைத்த லென்ஸ் மட்டமான சரக்காம். கையோடு ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். பழைய கண்ணால் பார்த்தால் சந்தனக் கலர். ஆபரேஷன் செய்த கண்ணால் பார்த்தால் வெள்ளை. ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாற்றி மாற்றிப் பார்த்து, கலர் மாறாத லென்ஸாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.

புரை என்பது கண்ணில் கட்டின பழுப்புத் திரை. இத்தனை நாள் எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்த்தீர்கள். துணி வெள்ளைதான், பழைய கண்தான் பொய் சொல்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. வரிசையில் நின்ற நாலைந்து பேரிடம் துண்டைக் காட்டிக் கேட்டார். எல்லோரும் வெள்ளை என்றார்கள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தறியில் கலரெல்லாம் எப்படித்தான் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவி கன்னியம்மாள்தான் ஊடை நூலை, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவர். இது இன்ன கலர் என்று அவர் சொல்வாராம். மாணிக்கம் துண்டை மடித்து வைத்துக்கொண்டே, மெல்லச் சொன்னார்: "அவ சொன்ன கலரைத்தாங்க இத்தினி நாளா நெய்ஞ்சுகினு இருந்தேன். இப்ப பாத்தா அவளுக்கும் ஒண்ணும் தெரியல போல கீது."

ஒரு வீட்டுக்கு எத்தனை கண்

அடுத்த முறை முள்ளிப்பட்டு போனபோது அவர்கள் வீட்டில் நுழைந்தேன். கன்னியம்மாளுக்கு ஒரு கண் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இன்னொன்றில், முகத்துக்கு நேராக விரலைக் காட்டினால் எண்ணுவார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சோறாக்கி, தண்ணீர் சேந்தி, தார் சுற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்க அடுப்புச் சூடு பட்ட தழும்பு. இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

முதலில் மாணிக்கத்தின் இரண்டாவது கண் ஆகட்டும் என்றார்கள். ஆயிற்று. அப்புறம் கல்யாண சீசன், தறி நிற்கக் கூடாது. அப்புறம் மருமகள் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், கன்னியம்மாளும் படுத்துவிட்டால் யார் சோறாக்குவது. அப்புறம் துணைக்கு வர ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் போவேன். நல்ல காபி கொடுப்பார்கள். கொடுப்பது கன்னியம்மாள்தான், டம்ளரை நீட்டுகிற திசை மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல், உங்களுக்கு இரண்டு கண்ணும் ஆகிவிட்டது, அவங்களுக்கு ஒன்றாவது ஆக வேண்டாமா என்று மாணிக்கத்திடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மனைவியை ஒரு சுடுசொல் சொல்லி நான் பார்த்ததில்லை. நியாயத்தை எனக்கு விளக்குகிற பொறுமையோடுதான் சொன்னார்: "எனக்கு ரெண்டும் நல்லா தெரியுதே சிஸ்டர். ஒரு வூட்டுக்கு எத்தினி கண்ணுதான் வேணும்?"

கேட்காமல் வந்தவர்கள்

கண் வந்ததில் மாணிக்கத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. முன்பு தெரியாத தப்பெல்லாம் தெரிய ஆரம்பித்தது. கிளிப்பச்சைக் குச்சிகளுக்கு நடுவே பாசிப்பச்சைக் குச்சி கிடக்கும். நூல் சிக்கல் விழுந்து கிடக்கும். தறியை நிறுத்திவிட்டு இறங்கி அவரே பிரித்துச் சுற்ற வேண்டியிருந்தது. என் பேச்சு இரண்டு வருஷம் செய்யாததை அந்தப் பாசிப்பச்சை ஒரே மாசத்தில் செய்தது. கன்னியம்மாளை அவரே வேன் வரைக்கும் கூட்டி வந்து ஏற்றிவிட்டார். சிஸ்டர், தார் சுற்ற எப்போது அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

வேலூரில் கட்டுப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெரும்பாலும் எல்லோரும் முதலில் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது ஜன்னலைப் பார்ப்பார்கள். கன்னியம்மாள் தன் கைகளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தழும்பெல்லாம் எப்போது வந்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். ஊர் திரும்புகிற வரைக்கும் வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை உள்ளே இழுக்காமல் வந்தார்.

ஆறேழு மாசம் கழித்து ஒரு காலை, என் அறை வாசலில் கன்னியம்மாள் நின்றார். அவருக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, அப்படியே நாலு பெண்கள், ரயில் மாதிரி. எல்லோரும் முள்ளிப்பட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்லோருக்கும் புரை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பாதி வழியில் இறங்க வைக்கப் புருஷன், பிள்ளை, கொழுந்தன் என்று யாராவது வருவார்களே. இவங்க வீட்டு ஆம்பிளைகள் என்ன சொன்னார்கள், சரி என்றார்களா என்று கேட்டேன். கன்னியம்மாள் அந்த நாலு பேரையும் பெஞ்சில் ஒருத்தர் பின் ஒருத்தராக உட்கார வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "கேட்டாத்தானம்மா வேணான்னு சொல்வாங்க? நான் யாரையும் கேக்கல, இட்டுகினு வந்துட்டேன்."

ஆக, இத்தனை வருஷ சர்வீசில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கண்ணில் இருக்கிற புரையை டாக்டர் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவார், அதைச் சுற்றி வீட்டிலும் ஆபீசிலும் கடைத்தெருவிலும் படர்ந்திருக்கிற புரைக்குத்தான் இன்னும் கத்தி கண்டுபிடிக்கவில்லை.